டார்ச்சுக்குக் கிடைத்த ஒரு நாள்

என் தம்பியின் மனைவியை எல்லோரும் டார்ச் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவன் அவள் புருஷன், என் அருமைத் தம்பி. கல்யாணமான புதிதில் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, பெரிய மன்மதன் மாதிரி அவள் முன்னால் போய் நின்றிருக்கிறான். "காலர்ல நூல் பிரிஞ்சிருக்கு. மூணாவது பட்டன் வேற கலர்" என்றாளாம் அவள். "அடிப்பாவி, டார்ச் அடிச்சா பாக்கற?" என்று இவன் கேட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது. அப்போது இருவருக்கும் ஒரே தொழிற்சாலை. மறுநாளே அங்கேயும் பரப்பிவிட்டான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவனா அவன்?

கண்ணாடி பாட்டில் செய்கிற தொழிற்சாலை அது. டார்ச்சுக்கு அங்கே பார்க்கிற வேலை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, வேலையே பார்ப்பதுதான். பின்னால் வெள்ளை வெளேரென்று விளக்குப் பலகை எரிந்துகொண்டிருக்கும். அதற்கு முன்னால் பெல்ட்டில் பாட்டில்கள் வரிசையாக ஓடும். குமிழி விழுந்தது, கீறல் விட்டது, கழுத்து கோணியது, இதையெல்லாம் கண்ணால் பிடித்துக் கையால் எடுத்துப் பக்கத்தில் இருக்கிற தொட்டியில் போட வேண்டும். தொட்டியைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. யோசிக்கவும் கூடாது, யோசிக்கிற நேரத்துக்குள் நாலைந்து பாட்டில் தாண்டிப் போய்விடும். போட்டது உடைந்து திரும்ப உலைக்குப் போகும். நல்ல பாட்டிலைப் பற்றி அங்கே யாருக்கும் அக்கறை இல்லை, அது தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

ஒருநாள் அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் போனேன். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று கையை ஆட்டினேன், கூப்பிட்டேன். ம்ஹூம். அவள் முகத்தில் ஆளே இல்லை. கண் பாதி மூடின மாதிரி இருக்கிறது, கை மட்டும் தானாகப் போய்ப் போய் வருகிறது. டப்பாவை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். பசியோடு போன நான் சாப்பிடப் பிடிக்காமல் வீட்டுக்கு வந்தேன்.

"கண்ண மூடினாலும் பாட்டில் ஓடுது அண்ணி" என்பாள் என்னிடம். வேலை விட்டு வந்ததும் ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு சமையலறைத் தரையில் படுத்துவிடுவாள். நான் அவளைத் தாண்டித் தாண்டித்தான் அடுப்பு வேலை பார்ப்பேன்.

அவள் ஏன் அதை விடவில்லை என்று கேட்பீர்கள். எப்படி விடுவாள்? என் தம்பி அதே தொழிற்சாலையில் லாரிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தவன். ஒருநாள் அடுக்கு சரிந்து முதுகில் விழுந்தது. அதோடு கட்டில்தான். வாசல் வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பான், திரும்பி வருவதற்குள் முகம் வெளுத்துவிடும். ஏழு வயதில் ஒரு மகள். அப்புறம் நான். கல்யாணம் பண்ணிக்கொண்டு போன வேகத்திலேயே திரும்பி வந்தவள். அந்தக் கதை இங்கே வேண்டாம், ஆரம்பித்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். சின்னப் பிள்ளைகள் படிக்கிற நர்சரிப் பள்ளியில் நான் ஆயா. மூக்கு துடைப்பது, தரை துடைப்பது, இரண்டும் என் வேலை. அந்தச் சம்பளத்தை நம்பி ஒரு பூனையைக்கூட வளர்க்க முடியாது.

டார்ச்சுக்கு ஒரே ஆசைதான். சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராக வேண்டும். விடுமுறை நாள்களில் போய்ப் பயிற்சி வகுப்புப் படித்தாள். ஒரு கண்ணில் ஈரத்துணி, இன்னொரு கண்ணில் புத்தகம். அப்படிப் படித்துப் பாஸ் பண்ணினாள், ஆமாம். பிள்ளைகள் பாட்டையெல்லாம் பெல்ட் முன்னால் நின்று மனப்பாடம் பண்ணினாள். "என்ன முணுமுணுப்பு? பாட்டிலோட பேசறியா?" என்று சூப்பர்வைசர் கேட்டானாம். "ஆமா சார், அதுங்கதான் எதிர்த்துப் பேசாது" என்றாளாம். அந்த வாய் அவளுக்கு எங்கள் வீட்டில் வந்ததுதான்.

சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு ஊரில் இருக்கிற பள்ளிகளெல்லாம் ஏறி இறங்கினாள். "இத்தன நாள் எங்க வேலை பாத்தீங்க?" என்பார்கள். தொழிற்சாலை என்றதும் முகம் மாறிவிடும். சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். யார் சொல்லி அனுப்பினார்கள்? எனக்கு வயிறு எரியும். அவள் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு மறுநாள் ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவாள்.

அப்போதுதான் எங்கள் பள்ளியிலேயே ஒரு டீச்சர் புருஷனுக்கு வேலை மாற்றல் என்று போய்விட்டார். நான் விடுவேனா? பெரிய டீச்சர் அறையை ஒரே நாளில் மூன்று தடவை கூட்டினேன். மூன்றாவது தடவை அவரே, "என்னம்மா வேணும் உனக்கு?" என்று கேட்டார். சொன்னேன். நல்ல மனுஷிதான் அவர், சும்மா சொல்லக் கூடாது. "சர்டிபிகேட் இருக்கட்டும். வெள்ளிக்கிழம வந்து ஒரு நாள் வகுப்ப பாத்துக்கட்டும். பிள்ளைங்களோட எப்படி இருக்காங்கன்னு நான் பாக்கணும்" என்றார்.

வீட்டில் வந்து சொன்னபோது என் தம்பி கட்டிலில் படுத்தபடியே கைதட்டினான். "இனிமே என் சட்டையப் பாக்க மாட்டா, தப்பிச்சேன்!" டார்ச் சிரிக்கவில்லை. என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இதுவும் போச்சுன்னா நான் அந்த லைட்டு முன்னாடியே செத்துருவேன் அண்ணி" என்றாள்.

"வாயக் கழுவு" என்று அதட்டினேன். வேறு என்ன சொல்வது?

டீச்சர் வேலைக்குச் சம்பளம் கொஞ்சம் குறைவுதான். அதை நான் ஏதாவது வீட்டுவேலை பிடித்துச் சமாளித்துக்கொள்கிறேன் என்றேன். குழந்தை மூலையில் பென்சிலும் தாளுமாக இருந்தது. அது எந்நேரமும் படம் வரைந்துகொண்டிருக்கும். வரைந்ததும் அப்பா கட்டிலுக்கு ஓடும். அம்மா செருப்புச் சத்தம் வாசலில் கேட்டால் சரசரவென்று ஏதோ மறையும். அப்பனும் மகளும் என்னவோ திருட்டுத்தனம் பண்ணுகிறார்கள் என்று நானும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை புருஷனை டாக்டரிடம் கூட்டிப் போவதாகப் பொய் சொல்லி லீவு வாங்கினாள். "இது பழக்கமாச்சுன்னா அந்த இடத்துக்கு வேற ஆள் இருக்கு" என்று சூப்பர்வைசர் மிரட்டித்தான் விட்டிருக்கிறான்.

அன்று காலையை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கிறது. வகுப்புக்குள் போனதும் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள் டார்ச். பெல்ட் முன்னால் மனப்பாடம் பண்ணின பாட்டையெல்லாம் அவிழ்த்துவிட்டாள். யானை மாதிரி நடந்தாள், ரயில் மாதிரி கூவினாள். எவனைப் பார்த்தாலும் கடிக்கிற ஒரு வாண்டு அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, வாயில் ஈ போவது தெரியாமல் வாசலில் நின்றேன். மூலையில் உட்கார்ந்திருந்த பெரிய டீச்சர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேலை கிடைத்த மாதிரிதான் என்று எனக்குக் காலே தரையில் பாவவில்லை.

அப்புறம் களிமண் நேரம். ஆளுக்கொரு உருண்டை கொடுத்து, "உங்களுக்குப் பிடிச்சத செய்யுங்க" என்றாள். கார், பாம்பு, கிண்ணம், என்னவென்றே தெரியாத சில வஸ்துகள். எல்லாவற்றையும் ஜன்னலோரம் நீள மேஜையில் காய வைக்கச் சொன்னார் பெரிய டீச்சர். பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, அதையெல்லாம் தட்டில் எடுத்து அலமாரியில் வைக்க டார்ச் போனாள்.

ஜன்னலில் உச்சி வெயில். மேஜைக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று வெளிச்சம். பக்கத்தில் களிமண் துண்டுகளைப் போடுகிற வாளி.

முதல் ஒன்றிரண்டு ஒழுங்காகத் தட்டுக்குப் போனது. நான் குனிந்து தரை துடைத்துக்கொண்டிருந்தேன். தொப்பென்று ஒரு சத்தம். நிமிர்ந்தேன். இன்னொரு தொப். சக்கரம் கோணிய கார் வாளிக்குள் போனது. விளிம்பு விரிந்த கிண்ணம் போனது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். தெய்வமே, அதே முகம். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று நான் பார்த்த முகம். வாளியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கை தானாகப் போய்ப் போய் வருகிறது.

துணியைப் போட்டுவிட்டு, பிள்ளைகளை விலக்கிக்கொண்டு அவள் பக்கம் போகப் பார்த்தேன். பிள்ளைகள் முதலில் ஏதோ விளையாட்டு என்று சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றது. ஒரு பெண் குழந்தை, எப்போதும் சுவரோரம் நிற்கிற பிள்ளை, வாளி பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தது.

"டீச்சர், அது எங்க அம்மா."

டார்ச்சின் கை அந்தரத்தில் நின்றது. அதை யாரோ அடுத்தவர் கை மாதிரி பார்த்தாள். பிறகு பொத்தென்று முட்டிபோட்டு உட்கார்ந்து வாளிக்குள் கையை விட்டாள். நசுங்கிப்போன பொம்மை கிடைத்தது. "இரு கண்ணு, இரு, நான் சரி பண்ணித் தரேன்" என்று சொல்லிக்கொண்டே தலையைத் தேய்த்து, இடுப்பை நிமிர்த்தி, பரபரவென்று பிடித்துக் கொடுத்தாள். அழகாகத்தான் இருந்தது. குழந்தை அதை வாங்காமல் வீறிட்டு அழுதது. அது செய்த பொம்மையில் ஒரு கை நீளமாக இருந்திருக்கிறது. இவள் இரண்டையும் ஒரே அளவாக்கிவிட்டாள்.

"எங்க அம்மா இப்படி இல்ல!"

அதற்குப் பிறகு யாராலும் அந்த வகுப்பை அடக்க முடியவில்லை. ஆளாளுக்கு ஓடிவந்து மேஜையிலும் தட்டிலும் இருந்ததை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். கடிக்கிற வாண்டு என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டான்.

பெரிய டீச்சர் அவளை அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். நான் கதவோரம் நின்றேன், ஒளிவு மறைவு என்ன. "காலைல நீங்க பாடினப்பவே நான் முடிவு பண்ணிட்டேம்மா. ஆனா அப்புறம் உங்க முகம் மாறிச்சே, அத பிள்ளைங்க பாத்துட்டாங்க. எனக்கே பயமாயிடுச்சு" என்றார். நான்தான் உள்ளே பாய்ந்தேன்.

"ஒரு நாள்ல என்ன டீச்சர் தெரியும்? வருஷக்கணக்கா அதையே செஞ்ச கை!"

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் அவர் மெதுவாக.

சண்டைக்கு வந்தால் திருப்பிச் சண்டை போடலாம். இப்படிச் சொன்னால் என்ன செய்வது? மேலே பேசினால் என் வேலையும் போய்விடுமோ என்ற பயம் வேறு.

தெருவில் அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து குழாயடியில் நகக்கண்ணில் இருந்த மண்ணைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மண் போன பிறகும் கழுவினாள். நான் குழாயை மூடிக் கூட்டிக்கொண்டு வந்தேன். கட்டில் ஓரம் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் புருஷனிடம் சொன்னாள், ஒன்று விடாமல். என் தம்பி ஏதோ கேலி பேச வாயெடுத்தான், வரவில்லை. "என் முதுகு மட்டும் நல்லா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து அதையும் விட்டுவிட்டான்.

"நான் வேணும்னு பண்ணலைங்க. எனக்குத் தெரியவே இல்ல. என் கைக்கே தெரியல" என்றாள். அப்போதுதான் உடைந்து அழுதாள்.

கட்டிலின் கால்மாட்டில் மகள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"எனக்குத் தெரியும்மா" என்றது. கோபமெல்லாம் இல்லை, மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னது. "உனக்குத் தப்புதான் மொதல்ல தெரியும். அதான் நான் உங்கிட்ட காட்டறதில்ல."

"எத கண்ணு?"

பிள்ளை அப்பாவைப் பார்த்தது. என் தம்பி கண்ணை மூடிக்கொண்டான். பிறகு கையை ஊன்றி, வலியில் பல்லைக் கடித்து, உடம்பைக் கொஞ்சம் தூக்கினான். மகள் மெத்தைக்கு அடியிலிருந்து படங்களை உருவியது. ஒரு கட்டு. அவன் முதுகின் கனத்தில் எல்லாம் தட்டையாகச் சுருக்கமில்லாமல் இருந்தன.

டார்ச் அழுகையை நிறுத்திவிட்டாள். இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். "ஒண்ணே ஒண்ணு காட்டேன்" என்றாள். கெஞ்சினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

குழந்தை ஒவ்வொன்றாகப் புரட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. உடனே காட்டவில்லை. முதலில் தன் முகத்துக்கு நேராகப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, மேலும் கீழும் தேடியது. ஓரிடத்தில் கட்டைவிரலை அழுத்தி வைத்து மறைத்துக்கொண்டு, பிறகுதான் அம்மா பக்கம் திருப்பியது. எங்கள் வீடு. கட்டிலில் அப்பா, துடைப்பத்தோடு நான், கதவோரம் அம்மா.

"ரொம்ப நல்லா இருக்குடா" என்றாள் டார்ச். "விரல எடு, முழுசா பாக்கறேன்."

"வேணாம்மா."

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சத்தியமா."

"நீ சொல்ல மாட்ட" என்றது பிள்ளை. "ஆனா பாப்ப."

விரலை எடுக்கவே இல்லை. அந்த விரலுக்கடியில் என்ன தப்பு இருந்தது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. மறுநாள் டார்ச்சுக்குக் காலை ஷிப்ட். நான் எழுந்திருப்பதற்குள் கிளம்பிப் போயிருந்தாள். போகாமல் என்ன செய்வாள், வீட்டில் நாலு வயிறு இருக்கிறது.