சிவகலா அக்கா வாசித்த ஆறாவது வரி

சுவிஸில், ஃப்ரிபூர்க் நகரில் எங்கள் பெண்கள் பிள்ளைப்பேற்றுக்குப் போனால், மருத்துவமனை சிவகலா அக்காவைத்தான் கூப்பிடும். டொக்டர் பிரெஞ்சில் சொல்வதைத் தமிழிலும், நாங்கள் சொல்வதைப் பிரெஞ்சிலும் சொல்வது அவர் வேலை. வயது ஐம்பத்தெட்டு. பதினாறு வருடம் உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டே படித்து, பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவர். வாய் கொஞ்சம் நீளம். “அவ வந்தால் டொக்டருக்கே வியர்க்கும்” என்று ஆட்கள் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். அவரைத் தெரியும் என்று சொல்லவே எனக்குப் பெருமை.

நான் மதுஜா. கலியாணம் கட்டி இங்கே வந்து ஒன்பது வருடம். வீட்டுக்கு வரும் காகிதங்களை என் கணவர் கோபிசன்தான் நிரப்புவார். என் கையெழுத்தையும் அவரே வைத்துவிடுவார். காப்புறுதி, பள்ளிக்கூடக் கடிதம், விசா எல்லாம் அப்படித்தான். எங்கள் ஆட்களின் வீடுகளில் இது புதினமே இல்லை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

மகளைப் போலவே மகனையும் வயிற்றை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு முதல் நாள் நானும் கோபிசனும் மருத்துவமனைக்குப் போனோம். சாப்பாட்டை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் எனக்குச் சொல்லும்படி டொக்டர் அக்காவிடம் சொன்னார். மற்றதெல்லாம் ஏற்கெனவே கையெழுத்தாகி வந்துவிட்டதாம்.

“எதில கையெழுத்து வைச்சவ எண்டு அவ ஒருக்கால் கேக்கட்டும்” என்றார் அக்கா, முதலில் பிரெஞ்சில், பிறகு எனக்குத் தமிழில். டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். அக்கா அதைக் கண்டுகொள்ளாமல் கண்ணாடியைப் போட்டு முதல் வரியிலிருந்து தொடங்கினார். மயக்க மருந்து, இரத்தம் என்று போய் ஆறாவது வரிக்கு வந்தார்.

“பிள்ளையை எடுத்த கையோட கருக்குழாயையும் கட்டச் சம்மதம். இனிப் பிள்ளை பிறக்காது.”

எனக்குக் காது அடைத்துவிட்டது. “ஆர் அக்கா சம்மதிச்சது?”

“உம்மட கையெழுத்து இருக்கு, பிள்ளை.”

“நான் வைக்கேல்லை.”

கோபிசன் நிலத்தைப் பார்த்தார். “மூண்டாந்தரம் வெட்டினால் ஆபத்து எண்டு டொக்டர் சொன்னவ. உன்னைப் பயப்படுத்துவானேன் எண்டுதான்...” கெட்ட மனுசனில்லை. ஆனால் என் வயிறு அது.

அக்கா ஒரு சொல் விடாமல் எல்லாவற்றையும் டொக்டருக்குச் சொன்னார். டொக்டரின் முகம் சிவந்துவிட்டது. கோபிசனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, படம் கீறி எனக்கு விளக்கத் தொடங்கினார்.

“நீங்களெண்டால் என்ன செய்வியள், அக்கா?”

“அதை நான் சொல்லக்கூடாது. நீர் கேக்கிற கேள்வி ஒண்டையும் விடமாட்டன்.”

பதினொரு கேள்வி கேட்டேன்.

வெளியே வந்ததும், ஏன் இப்படி வரி வரியாக வாசிக்கிறீர்கள் என்று அவரைக் கேட்டேன்.

“எங்கட அம்மா மலையகத்தில தேயிலைக் கொழுந்து பறிச்சவ. நான் பிறந்த கையோட, அவவின்ர பெருவிரலை மையில தோய்ச்சு ஒரு காகிதத்தில வைச்சவங்கள். பால்மா குடுக்கத்தான் எண்டு அம்மா நினைச்சவ. இன்னொரு பிள்ளை வேணுமெண்டு அஞ்சு வருசம் கோயில் கோயிலா நேர்த்தி வைச்சவ. பிறகு ஒரு நேர்ஸ் சொல்லித்தான் குழாயைக் கட்டிப்போட்ட விசயம் தெரியும்.”

அடுத்த நாள் காலை, டொக்டர் என் கட்டிலடிக்கு வந்து, இன்று என்ன செய்யப்போகிறோம் என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார். அக்கா நாடியை உயர்த்தி, என்னைக் கேட்கும்படி காட்டினார். என் ஓட்டைப் பிரெஞ்சில் நானே சொன்னேன்: “பிள்ளை மட்டும்.” டொக்டர் அந்த வரியை வெட்டினார்.

இப்போது மகனுக்கு இரண்டு வயது. போன மார்கழியில் நானே மருத்துவமனைக்கு ஃபோன் அடித்து நேரம் எடுத்தேன். அக்கா மறுபடியும் எல்லா வரியும் வாசித்தார். நான் கையெழுத்து வைத்தேன். குழாயைக் கட்டினார்கள்.

வீட்டுக்கு வரும்போது கோபிசன் பஸ்ஸில் மெல்லக் கேட்டார், “அப்ப, அண்டைக்கே செய்திருக்கலாமே?”

“அண்டைக்கு நீங்கள் என்னைக் கேக்கேல்லையே” என்றேன்.