தொண்டைக்குள் இறங்காத மாத்திரை

மாப்புட்சோ என்ற எல்லையோர ஊரின் தொழிற்சாலையில் ஜீன்ஸ் தைக்கும் பெண்களில் கெனுவே அதிகம் பேசாதவள். வயிற்றில் பிள்ளை இருந்தபோதுதான் தனக்கு ஹெச்.ஐ.வி. என்று அவளுக்குத் தெரிந்தது. கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை வாயில் போட்டாலே தொண்டை அடைத்துக்கொள்ளும், குமட்டித் துப்பிவிடுவாள்.

"பிள்ளைக்கும் ஒட்டணும்னு நேர்ந்துக்கிட்டியா?" என்று நர்ஸ் எல்லோர் முன்னாலும் கத்தினாள். கெனுவே மாத்திரைகளை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

தாய் செத்து, தகப்பன் எல்லை தாண்டிச் சுரங்க வேலைக்குப் போனபின் அவள் அத்தை வீட்டில் வளர்ந்தாள். சின்ன வயதில் பயத்தில் படுக்கையை நனைத்துவிடுவாள். அதற்கு மருந்தென்று அத்தை அவள் மூக்கைப் பொத்தி, மூச்சுக்கு வாய் திறந்ததும் கசக்கும் கற்றாழைச் சாற்றை ஊற்றுவாள். "முழுங்குடி சனியனே!" மயங்கி விழுந்தாலும் மறுநாளும் அதேதான். கொஞ்சம் வளர்ந்ததும் ஓடிப்போய், சாப்பாடு போட்ட முதல் ஆணோடு தங்கினாள். நோய் அவன் கொடுத்தது. எதையும் மறுத்துப் பேச அவளுக்குப் பழக்கமில்லை.

மகன் கராபோவும் நோயோடுதான் பிறந்தான்.

ஒரு நாள் மருந்து புகட்டும்போது அவன் வாயை இறுக மூடிக்கொண்டான். வேலைக்கு நேரமாகிவிட்டது. என்ன செய்கிறோம் என்று உணருமுன்பே அவள் விரல்கள் குழந்தையின் மூக்கைப் பொத்தியிருந்தன. திடுக்கிட்டுக் கையை எடுத்து, அவனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறை மாலெபோவிடம் ஓடினாள்.

"அக்கா, இவனை வாங்கிக்கங்க. நான் கொன்னுடுவேன்."

"என்னடி உளர்ற? உக்காரு முதல்ல."

அத்தை தனக்குச் செய்ததையெல்லாம் கெனுவே சொன்னாள். முதன்முறையாக.

"அந்தப் பொம்பள இன்னும் இருக்காளா?"

"இருக்கா. சர்ச்சுல முன்வரிசையில நின்னு பாடுறா."

அன்றிலிருந்து கராபோவுக்கு மருந்து கொடுப்பது மாலெபோவின் வேலையானது. மடியில் வைத்து, கதை பேசி, கஞ்சியில் கலந்து ஊட்டுவாள். பிள்ளை சற்றுத் தேறினான். ஆனால் அடுத்த குளிர்காலத்தில் மார்ச்சளி பிடித்தது. ஒரு வாரத்தில் போய்விட்டான்.

அடக்கத்துக்கு அத்தை ஊர் வழக்கப்படி போர்வை போர்த்தி வந்து பெரிதாக அழுதாள். "என் ராசா, உன்னை யாரு இப்படிப் பண்ணினது?"

கெனுவே எழுந்து நின்றாள். "சின்ன வயசுல என் வாயில என்ன ஊத்துனீங்கன்னு இவங்ககிட்ட சொல்லுங்க அத்தே."

கூட்டம் தரையைப் பார்த்தது. அத்தை போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். யாரோ அவசரமாகப் பாட்டெடுத்தார்கள். எல்லோரும் உரக்கச் சேர்ந்துகொண்டார்கள்.

கெனுவே இன்னும் அதே தொழிற்சாலையில்தான் தைக்கிறாள். மாத்திரை சில நாள் இறங்குகிறது. இறங்காத நாளில் மாலெபோ பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மறுபடி முயலும்வரை காத்திருக்கிறாள்.