ஸ்டோரன் மலையில் நான் சொன்ன பதில்

நார்வேயின் ஸ்டோரன் சிகரத்தில் ஏற வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. எனக்கு அந்தப் பெயரே அவர் சொல்லித்தான் தெரியும். துணைக்கு ஆள் வேண்டும் என்று, கலிஃபோர்னியாவில் நாங்கள் இருக்கும் சான்டா கிளாராவில், ஒரு கிளைம்பிங் ஜிம்மில் என்னையும் சேர்த்துவிட்டார். கயிற்றில் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். ஆனால் சுவரில் ஏறுவது அவரைவிட எனக்குச் சுலபமாக வந்துவிட்டது.

மலையில் பனிப்பாறையைக் கடந்து, சிகரத்துக்குக் கீழே இருக்கும் கல் குடிலை அடைந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. உள்ளே போய் உட்கார்ந்து ஷூவைத் தளர்த்தினார். எங்களைக் கூட்டிவந்த கைடு என்னை வெளியே நிறுத்தினார். இனிமேல் செங்குத்துப் பாறை, உங்கள் கணவரால் முடியுமா என்று கேட்டார்.

கணவர் தளர்ந்தால் மூன்று பேருமே பாதியில் திரும்ப வேண்டியிருக்கும்.

"முடியாது" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

கைடு உள்ளே போய், நீங்கள் இங்கேயே இருப்பது நல்லது என்று அவரிடம் சொன்னார். கணவர் என்னைப் பார்த்தார். நான் ஹெல்மெட் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"நீ போயிட்டு வா. ஃபோட்டோ நிறைய எடு" என்றார்.

உச்சியில் நின்றபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஊர் திரும்பியதும் பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார். "என்னால முடியாதுன்னு கைடு பாத்ததுமே கண்டுபிடிச்சிட்டார். மேடம்தான் டாப் வரைக்கும் போனாங்க." லிவர்மோரில் நண்பர் வீட்டிலும் அதையே சொன்னார். திரும்பும்போது காரில் எனக்குத் தாங்கவில்லை.

"கைடு முடிவு பண்ணலங்க. என்னைத்தான் கேட்டார். உங்களால முடியாதுன்னு நான்தான் சொன்னேன்."



"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நானே வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"வரேன்னு சொல்லிட்டீங்கன்னா? அந்தப் பயத்துலதான் கேக்கல."

அவர் ரேடியோவைப் போட்டார்.

இந்தக் கோடையில் நான் இல்லாமல் மறுபடி ஸ்டோரனுக்குப் போனார். நானும் வரட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான்கு நாளும் மழை; குடிலைத் தாண்டி கைடுகள் யாரையும் விடவில்லையாம். ஏர்போர்ட்டில் அவருடைய பையை வாங்கிக்கொண்டேன்.

"அடுத்த வருஷம் போவீங்களா?"

"பாக்கலாம். முட்டி வலிக்குது" என்றார்.

வீடுவரை நானே ஓட்டினேன். அவர் பக்கத்தில் தூங்கிவிட்டார்.