பெரட்டுக்களத்துக்கு ஒரு திரை

நுவரெலியா டவுனில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். மென்பொருள் செய்கிறோம் என்றால் பழுதான பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். போன வருஷம், பல தேயிலைத் தோட்டங்களை நடத்தும் ஒரு கம்பெனி எங்களிடம் வந்தது. தினமும் எந்த மலையில் எவ்வளவு கொழுந்து எடுத்தார்கள் என்பதைத் தோட்டங்களை நிர்வகிக்கும் துரைமார் போனிலேயே படமாகப் பார்க்க ஒரு செயலி வேண்டுமாம். திரைகளை வடிவமைக்கும் வேலை எனக்கு.

முதல் கூட்டத்திலேயே தலைவலி ஆரம்பித்தது. கணக்காளருக்குப் படமே வேண்டாம், கட்டம் கட்டமாக எண்கள் போதும். கொழும்பிலிருந்து வந்தவருக்கு எல்லாமே ஒரே திரையில் வேண்டும். தோட்டத்துரைக்கு, ஜீப்பில் இருப்பதுபோல முள் ஆடும் வட்டம்.

"நேத்தைவிட கூடவா கொறைவான்னு முள்ளுல தெரியாது சேர். கோடுதான் சரி," என்றேன்.

"அழகா இருக்குமே மிஸ்."

முள் வைத்தேன். அடுத்த வாரம் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். அதற்கடுத்த வாரம், ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் துரை போன் எடுத்தார். "கொழுந்து கொறைவா எடுக்குறவங்க பேர வரிசையா சிவப்புல போடுங்க மிஸ். பெரட்டுக்களத்துல பெரிய டிவி மாட்டப் போறோம். எல்லாரும் பாக்கட்டும்."

காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடம் அது. நான் கந்தப்பளைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவள். பெரட்டில் கங்காணி பேர் சொல்லி ஏசிய நாட்களில், கொழுந்தெடுத்த அம்மா வீட்டுக்கு வந்து யாருடனும் பேசமாட்டார். ஏச்சாவது காற்றோடு போகும். திரையில் பேர் நாள் முழுக்க நிற்கும்.

எங்கள் முதலாளியிடம் முடியாது என்றேன். "கேக்குறத செஞ்சு குடுத்துட்டுப் போவோமே தங்கச்சி. நமக்கென்ன?" என்றார்.

எரிச்சலோடு உட்கார்ந்து ஒவ்வொரு ஆளும் எடுத்த கொழுந்துக்கு ஒரு பட்டை வரைந்தேன், கூடியது மேலே, குறைந்தது கீழே. பிறகு, எந்த மலையில் வேலை செய்கிறார்களோ அந்த மலைக்கு ஒரு நிறம் என்று மாற்றிப் பார்த்தேன். கீழே கிடந்த பட்டைகள் ஏறக்குறைய எல்லாம் ஒரே நிறம். அந்த மலை சமீபத்தில்தான், கிளைகளைத் தறித்து, கவ்வாத்து வெட்டப்பட்டிருந்தது. செடி இப்போதுதான் தளிர்க்கிறது. இரண்டு தகவலும் அவர்களே தந்தவை. பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

மழையில் பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன். துரை படத்தைக் கையால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இது கவ்வாத்து வெட்டின மலையில்ல?"

"ஆமா சேர். செடியில கொழுந்தில்லாம அவங்க எங்க போய் எடுப்பாங்க?"

"சோம்பேறிகளும் இருக்காங்க மிஸ்."

"இருக்கட்டும் சேர். அவங்கள ஆபீசுக்கு கூப்பிட்டுப் பேசுங்க. டிவியில வேணாம்."

தேத்தண்ணீர் வந்தது, குடித்தோம். துரை படத்தை இன்னொரு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு, "சரி, பேர எடுத்துருங்க. மலைய மட்டும் போடுங்க," என்றார். எனக்கு மூச்சு வந்தது.

டிவி மாட்டிய பிறகு ஒருநாள் பார்க்கப் போனேன். கொழுந்தெடுக்க இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிக்கொண்டு நின்ற பெண்கள் யாரும் திரையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான்தான் செய்தேன் என்று தெரிந்ததும் ஒரு அக்கா பக்கத்தில் வந்தார். "இதுல நாடகம் வருமா பிள்ள?"

"வராதுக்கா."

"அப்ப எதுக்கு?"



நேற்று அதே கம்பெனியின் இன்னொரு தோட்டத்திலிருந்து போன். நோட்டன் பிரிட்ஜ் பக்கம். அங்கேயும் டிவி வாங்கிவிட்டார்களாம், ஆட்களின் பேர் வரிசை எப்போது வரும் என்று கேட்டார்கள். "நேர்ல வந்து பேசுறேன் சேர்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். நாளைக்குக் காலை பஸ்ஸில் போகிறேன்.