வீடியோ கேம் கடையில் விழுந்த குட்டு

நண்பர்களே, பிரவுசிங் சென்டரிலிருந்து அவசரமாக அடிக்கிறேன். மனசு சரியில்லை.

நேற்று நான் பாடம் எடுக்கும் எட்டாம் வகுப்பில் பிரபு, பக்கத்தில் இருக்கும் சாமுவேலின் மண்டையை டிபன் பாக்ஸால் உடைத்துவிட்டான். தையல் போட வேண்டியதாயிற்று.

இன்று காலை ஸ்டாஃப் ரூமில் நான்தான் குதித்தேன். “எல்லாம் அந்த வீடியோ கேம் பண்ற வேலை. சுடுறதும் குத்துறதும் பாத்தா, புள்ளைங்க வேற எதைக் கத்துக்கும்?”

சாயங்காலம் கடைக்காரரை ஒரு பிடி பிடிக்கலாம் என்று கேம்ப் ரோடு வீடியோ கேம் கடைக்குப் போனேன்.

உள்ளே ஒரே டிவி முன்னால் பிரபுவும், தலையில் கட்டோடு சாமுவேலும். திரையில் வருகிறவர்களையெல்லாம் சேர்ந்து சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

“இதைப் பாத்துத்தானேடா அடிச்சுக்கிறீங்க?”

“இல்ல சார், இதுல நாங்க ஒரே டீம்” என்றான் சாமுவேல்.

“அப்புறம் நேத்து எதுக்குடா அவனை அடிச்சே?”

பிரபு தலையைக் குனிந்துகொண்டான். “பதில் சொன்னவன் சொல்லாதவனைக் குட்டணும்னு நீங்கதான சார் சொன்னீங்க. இவன் மெதுவாத்தான் குட்டினான். ‘இதெல்லாம் செல்லாது, ஓங்கிக் குட்டுடா’ன்னு திரும்பக் குட்ட வச்சீங்க. கிளாஸே சிரிச்சுது சார்.”

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “இன்னா சார் வோணும்?”

ஒன்றும் வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டேன்.

கடையை மூடவைக்க வேண்டும் என்று காலையிலேயே ஹெட்மாஸ்டரிடம் பேசியாயிற்று. நாளை அவரிடம் என்ன சொல்வது? தெரிந்தவர்கள் பதில் போடுங்கள்.

என்னைக் குட்ட நினைப்பவர்களும் போடலாம். மெதுவாகக் குட்டினால் செல்லாது.