கமலாலயக் கரையில் முதல் வெளிச்சம்

இன்று சாயங்காலம் நாமக்கல் கமலாலயக் குளக்கரையில், நான் கம்பி இழுத்த மின்சார விளக்குகள் எரிந்தன.

வேடிக்கை பார்க்க ஊரே வந்தது. கரையில் யாரும் கால் வைக்கவில்லை.

"தண்ணியோரத்துல கரண்டுங்க. இழுத்துப்போடுமுங்க," என்றார் பூக்காரர்.

கம்பத்தைப் பிடித்துக் காட்டினேன். யாரும் நம்பவில்லை. எடுத்துச் சொல்லலாமென்றால், மனைவி இறந்ததிலிருந்து எனக்குச் சத்தமாகப் பேச வருவதில்லை.

மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"வெளக்குப் போட்டதும் எம் புள்ளைய இங்க நடக்கக் கூட்டியாறேன்னீங்களே மாப்பிள்ளை. அவதான் இல்ல. நான் வாரேன், நடங்க."

நடந்தோம். தண்ணீருக்குள் மலைக்கோட்டை தலைகீழாக மின்னியது. திரும்பினால், பின்னால் பாதி ஊர் வந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, அந்தக் கடைசிக் கம்பத்துல வெளிச்சம் பத்தலைங்களே," என்றார் பூக்காரர்.

வேறு குறை இருந்தால் நீங்களும் சொல்லுங்கள். நடந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.