மெட்ராஸ் போகாத துடுப்பாட்டக்காரர்

அண்ணன் மறைந்து இந்தத் தை மாதத்தோடு ஓராண்டு நிறைவடைகிறது. அவருடைய பெயரும் படமும் இந்நினைவு மலரின் அட்டையில் இருக்கின்றன. உள்ளே நான் அவரை அண்ணன் என்றே எழுதுகிறேன். பிறந்தது முதல் எனக்கு அவர் அப்படித்தான். இம்மலரைப் பெறும் உறவினர்களில் பாதிப்பேர் கிரிக்கெட் பார்த்ததில்லை. கொழும்பு நண்பர்களில் பாதிப்பேர் தேயிலைத் தோட்டத்துக்குள் வந்ததில்லை. இரு சாராருக்கும் விளங்கும்படி எழுத முயன்றிருக்கிறேன்.

கந்தப்பளைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்புறமிருந்த வீட்டில் அண்ணன் பிறந்தார். அப்பா அங்கே டீமேக்கர். கொழுந்து உள்ளே வந்ததிலிருந்து தூளாகிப் பெட்டியில் ஏறும்வரை அவர் பொறுப்பு. தாத்தா காலத்தில் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அண்ணனுக்கும் எனக்கும் ஆறு வயது வித்தியாசம். வேறு பிள்ளைகள் இல்லை.

அண்ணனுக்குப் பதினொரு வயதானபோது உலக யுத்தம் கொழும்புவரை வந்துவிட்டது. குண்டு விழுந்த செய்தியைக் கேட்ட அம்மா, திருச்சிப் பக்கத்து ஊருக்குப் புறப்பட்ட உறவினர் ஒருவருடன் அண்ணனைப் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பினார். நான் மிகச் சிறியவள் என்பதால் என்னைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். பதினான்கு மாதம் கழித்து அண்ணன் திரும்பினார். பெரியப்பா வீட்டுக்கு எதிரே பாடசாலை மைதானம் இருந்ததாம். போகும்போது கிரிக்கெட் என்ற சொல்லையே அறியாதிருந்தவர், வரும்போது ஒரு மட்டையும் கொண்டுவந்தார்.

அதை வைத்துக்கொண்டு விளையாடத் தோட்டத்தில் சமதரை ஏது? தொழிற்சாலையின் மேல்மாடியில் கொழுந்து வாட்டும் கூடம் இருந்தது. இருபுறமும் சாக்குத்துணி கட்டிய தட்டுகள். நடுவே நீண்ட பலகை நடை. ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுந்து வராது. அப்பாவிடம் கெஞ்சி அனுமதி பெற்றோம்.

“சாக்குல ஒரு கிழிசலப் பாத்தேன், மட்ட அடுப்புக்குப் போயிரும்” என்றார் அப்பா.

பந்து வீசுவது நான். பலகையில் பந்து வழுக்கிக்கொண்டு வேகமாகப் போகும். அதை ஓங்கி அடித்தால் சாக்கு கிழியும். ஆகவே எந்தப் பந்தையும் தரையோடு தரையாக அனுப்பும் பழக்கம் அண்ணனுக்கு வந்தது. பிற்காலத்தில் கொழும்புப் பத்திரிகைகள் அவருடைய ஆட்டத்தின் அடக்கத்தைப் பாராட்டியபோது அப்பா சிரிப்பார். அது எதற்குப் பயந்து வந்த அடக்கம் என்று அவருக்குத் தெரியும்.

நுவரெலியாவில் விடுதியில் தங்கிப் படித்த நாட்களில் அண்ணன் பாடசாலை அணியில் சேர்ந்தார். அங்கே பிற்பகலில் பனிமூட்டம் இறங்கினால் பந்து வீசுபவரே சரியாகத் தெரியமாட்டார். பந்து கிட்டத்தில் வரும்வரை மட்டையை அசைக்காமல் காத்திருப்பதை அந்த மைதானத்தில்தான் கற்றதாகச் சொல்வார்.

நாற்பத்தெட்டில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த நம்மில் பெரும்பாலோர் எந்த நாட்டையும் சேராதவர்கள் ஆனோம். பின்னர் மனுப் போட வழி விட்டார்கள். ஐம்பத்தொன்றில் அப்பா தமக்கும் அம்மாவுக்கும் வயது வராத எனக்குமாக ஒரு மனுப் போட்டார். இருபத்தொரு வயது நிரம்பியிருந்ததால் அண்ணன் தமக்கெனத் தனியாக ஒன்று போட்டார்.

அதற்குள் அவர் கொழும்புக்குப் போய்விட்டிருந்தார். நுவரெலியாவில் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் அணிக்கு எதிராக அவர் ஆடியதைப் பார்த்த கம்பெனி மனேஜர் ஒருவர், அடுத்த வாரமே வேலைக்குக் கூப்பிட்டுக் கடிதம் எழுதினார். கம்பெனிகளுக்கிடையே போட்டிகள் நடக்கும். அவற்றில் ஆடுவதற்காகவே இளைஞர்களை வேலைக்கு எடுப்பார்கள். அண்ணன் காலையில் கந்தோரில், அதாவது கம்பெனி அலுவலகத்தில், தேயிலை மாதிரிகளைப் பதிவார். பிற்பகலில் மைதானத்தில் பயிற்சி. ஒரு பருவம் ஓட்டம் எடுக்காமல் போனால் அடுத்த பருவம் கந்தோரில் அவருடைய நாற்காலியில் வேறொருவர் இருப்பார். இது பொழுதுபோக்கன்று, ஜீவனம் என்பதை உறவினர்கள் அறிய வேண்டும். “எப்பப் பாத்தாலும் வெளையாட்டுத்தானா?” என்று அவரிடம் கேட்டவர்கள் நம்மிலேயே பலர்.

அண்ணன் அணியின் முதல் துடுப்பாட்டக்காரர். புதுப்பந்தை, களைக்காத வேகப் பந்துவீச்சாளரிடமிருந்து, முதலில் எதிர்கொள்ள வேண்டியவர். நான்கைந்து பருவம் அவர் நன்றாக ஆடினார். அதன் பயனாக, கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து மெட்ராசுக்கு அனுப்பவிருந்த அணியில் அவருக்கு இடம் கிடைத்தது. பயணப் பத்திரங்களைத் தாமே பார்த்துக்கொள்வதாக மனேஜர் சொன்னார்.

அண்ணன் செய்தியோடு வீட்டுக்கு வந்தார். மனுக்கள் இரண்டும் இன்னும் விசாரணைக்கு வரவில்லை. இந்த நாட்டில்தான் நிலையாக வாழப்போகிறோம் என்று காட்ட வேண்டும். இந்தியாவுக்குப் போய் வருகிறவர்களின் மனுக்கள் நிராகரிக்கப்படுகின்றன என்று எல்லோரும் பேசிக்கொண்ட காலம். அப்பாவும் அண்ணனும் நானும் நுவரெலியாவில், மனுக்களைக் கவனித்த வழக்கறிஞரான புரொக்டரைப் பார்க்கப் போனோம். அவர் யாழ்ப்பாணத்தவர்; சுற்றி வளைத்துப் பேசமாட்டார்.

“போகாதேயுங்கோ எண்டு நான் சொல்லேல்லை” என்றார். “போனால் ஏன் போனனீர் எண்டு கேப்பினம். தகப்பனிட்டையும் கேப்பினம், மகன் ஏன் போனவர் எண்டு. அதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை.”

பஸ்ஸில் திரும்பும்போது அப்பா, “நீ போய்ட்டு வாப்பா. மனு என் பாடு” என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். அந்த ஆண்டு நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போகக் காத்திருந்தேன். அரசாங்க நியமனத்துக்குப் பிரஜாவுரிமை வேண்டும். அப்பாவின் மனு தோற்றால் எனக்கு நியமனம் இல்லை. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். “போங்கண்ணே” என்ற ஒரு சொல் போதும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதை இங்கே எழுதாமல் விடுவது முறையாகாது.

கொழும்புக்குத் திரும்பிய அண்ணன், வர முடியாது என்று அணித்தலைவரிடம் சொன்னார். தலைவர் காரணம் கேட்டார். “மெட்ராஸ் வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளாது” என்பதே அண்ணன் கொடுத்த பதில். உண்மையைச் சொல்வதென்றால், தாம் இந்த நாட்டின் பிரஜை அல்ல என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அணியில் அதை ஒருவரும் அறிந்திருக்கவில்லை. அப்போது மெட்ராசில் மிக வேகமாகப் பந்து வீசும் ஒருவர் இருந்தார். ஆகவே, அண்ணன் அவருக்குப் பயந்து ஒதுங்கிவிட்டார் என்ற பேச்சு வந்தது. தலைவரும் அதை நம்பினார்.

அடுத்த பருவத்தில் ஒரு போட்டிக்கு அப்பா என்னைக் கொழும்புக்கு அழைத்துப் போனார். அண்ணன் உண்மையான மைதானத்தில் ஆடி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். வேகப் பந்துவீச்சாளர் ஓடி வரும்போதெல்லாம் கூட்டத்தில் சிலர், “மெட்ராஸ்! மெட்ராஸ்!” என்று கத்தினார்கள். ஒரு பந்து விலாவில் பட்டது. அண்ணன் அந்த இடத்தைத் தடவக்கூட இல்லை. அடுத்த பந்துக்கு நின்றார். மதியச் சாப்பாட்டுக்கு முன் தொடங்கியவர், மாலைத் தேநீர் நெருங்கும்வரை ஆடினார். கத்தியவர்கள் ஓய்ந்துவிட்டிருந்தார்கள்.

பிறகு ஒரு பந்து அவரைக் கடந்து, பின்னால் நின்ற விக்கெட் காப்பாளரின் கைக்குப் போனது. எதிரணியினர் எல்லோரும் கை தூக்கி அவுட் கேட்டார்கள். நடுவர் தலையசைத்து மறுத்துவிட்டார். பந்து மட்டையில் மெல்ல உரசிப் போயிருந்தால் ஆட்டம் முடிந்தது என்று பொருள். உரசியதா என்பது மட்டை பிடித்தவருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். அண்ணன் மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

“ஏண்ணே, அவருதான் இல்லன்னுட்டாரே?” என்று பிறகு கேட்டேன்.

“பட்டுச்சு பாப்பா” என்றார்.

அப்பாவின் மனு அதற்குச் சில மாதங்களின் பின் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அப்பா, அம்மா, நான் மூவரும் இலங்கைப் பிரஜைகள் ஆனோம். அம்மா பாயசம் செய்தார். அண்ணனின் விசாரணை அடுத்த ஆண்டு நுவரெலியாக் கச்சேரியில், அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், நடந்தது. அப்பாவும் நானும் பின்வரிசை வாங்கில் அமர்ந்திருந்தோம். விசாரித்தவர் நடுத்தர வயதுச் சிங்கள அதிகாரி, கடுமையானவர் அல்லர். இருவரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். அதைத் தமிழில் தருகிறேன்.

“உங்களைப் பத்திரிகையில் பார்த்திருக்கிறேன். மெட்ராசுக்குப் போகாதவர்தானே? ஏன் போகவில்லை?”

“போயிருந்தால், ஏன் போனீர்கள் என்று கேட்டிருப்பீர்கள்.”

அதிகாரி லேசாகச் சிரித்துவிட்டார். பிறகு தாளைப் பார்த்துக் கேட்டார். “இந்த நாட்டை விட்டு எப்போதாவது வெளியே இருந்ததுண்டா?”

அண்ணன் யுத்த காலத்தில் போனதற்கு எந்தக் காகிதமும் இல்லை. கூட்டிப்போன உறவினரும் காலமாகிவிட்டார். அதைப் பற்றித் தாமாக வாய் திறக்க வேண்டாம் என்று புரொக்டர் சொல்லியிருந்தார். அதிகாரி நேராகவே கேட்டுவிட்டார்.

“இருந்திருக்கிறேன். பதினொரு வயதில், பெரியப்பா வீட்டில். பதினான்கு மாதம்.”

மணமாகாதவர் நாற்பத்தாறாம் ஆண்டு பிறப்பதற்கு முந்திய பத்தாண்டும் தொடர்ந்து இங்கே இருந்திருக்க வேண்டும். இடையில் ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

“பதினான்கா? பன்னிரண்டுக்குள் இருக்கலாம் அல்லவா? சிறு பிள்ளைக்கு மாதக்கணக்கு தெரியுமா? யோசித்துச் சொல்லுங்கள்.”

“இரண்டு வைகாசித் திருவிழா பார்த்துவிட்டுத்தான் வந்தேன். பதினான்குதான்.”

 அதிகாரி பேனாவை எடுத்து எழுதினார்.

வெளியே வந்ததும் அப்பாவின் குரல் உயர்ந்தது. “ஏம்ப்பா, அவரே வாயில எடுத்துக் குடுத்தாரே. பன்னெண்டுன்னு சொன்னா என்னா?”

“பதினாலு மாசம்ப்பா. எனக்குத் தெரியுமில்ல” என்றார் அண்ணன்.

மனு நிராகரிக்கப்பட்டது. மேல்முறையீடும் பலிக்கவில்லை. “குண்டு விழுதுன்னு பயந்து நாந்தான அனுப்பினேன்” என்று அம்மா பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா தம்மை நொந்துகொள்ளும்போதெல்லாம், “அங்க போகாட்டி எனக்கு மட்டையே புடிக்கத் தெரிஞ்சிருக்காதும்மா” என்பார் அண்ணன்.

ஒரே வீட்டில் மூவர் இந்நாட்டவர், ஒருவர் எந்நாட்டவரும் அல்லர் என்ற நிலை அவர் இறக்கும்வரை நீடித்தது. இரண்டு இடங்களில் பெண் பேசினோம். இரண்டும் பிரஜாவுரிமைக் கேள்வியில் வந்து நின்றன. அதன் பிறகு பேச வேண்டாமென்று அவரே சொல்லிவிட்டார். ஆட்டத்தில் மட்டும் குறையில்லை. மேலும் சில பருவங்கள் அவரே முதலில் இறங்கினார். பின்னர், பிரஜைகளுக்கே வேலை என்ற நிலை கொழும்புக் கம்பெனிகளிலும் வந்தது. முப்பத்தோராவது வயதில் அண்ணன் வேலையை விட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினார். அப்பா இருந்த தொழிற்சாலையிலேயே கந்தோர் எழுத்து வேலை கிடைத்தது. குறைப்பட்டுக்கொண்டு நான் கேட்டதில்லை. கிரிக்கெட் பற்றிய பேச்சையும் அவராக எடுத்ததில்லை.

அறுபத்து நான்கில் கால் வீங்கத் தொடங்கியது. சிறுநீரகம் பழுதாகியிருப்பதாக நுவரெலியா ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் படிப்பித்த பாடசாலை விட்டதும் அங்கே போய்விடுவேன். ஒரு நாள், நம்மவரில் இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று இந்திய, இலங்கை அரசாங்கங்கள் ஒப்பந்தம் செய்த செய்தி பத்திரிகையில் வந்திருந்தது. அண்ணன் அதைப் பொறுமையாக வாசித்து முடித்தார்.

“என்னைய எந்தப் பக்கம் எண்ணியிருப்பாங்க, பாப்பா?” என்றார். நான் பத்திரிகையை வாங்கி மடித்து வைத்தேன்.

அன்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, “எனக்காகத்தான மெட்ராஸ் போகல நீங்க?” என்று கேட்டேன்.

“யாரு சொன்னா? அங்க வெயிலு ஜாஸ்தி” என்றார். சொல்லிவிட்டு, தோட்டத்தில் கொழுந்து எப்படி என்று விசாரித்தார்.

தை பிறந்து சில நாட்களில் அவர் உயிர் பிரிந்தது. வயது முப்பத்து நான்கு.

இறுதிக் கிரியைக்குக் கொழும்பிலிருந்து பழைய அணித்தலைவர் வந்திருந்தார். நானுஓயாவில் ரயிலை விட்டிறங்கி வாடகைக் காரில் தோட்டத்துக்கு வந்தார். சிங்களவர், வீட்டில் அநேகருக்கு அவரோடு பேச மொழி இல்லை. எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு என்னிடம் வந்து ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஒன்று கேட்க வேண்டும். என்னோடு அத்தனை ஆண்டு ஆடினார். எந்தப் பந்துக்கும் பின்வாங்கி நான் பார்த்ததில்லை. பிறகு ஏன் மெட்ராசுக்கு வரவில்லை?”

சொன்னேன். மனுவைச் சொன்னேன், புரொக்டர் சொன்னதைச் சொன்னேன், நான் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியதையும் சொன்னேன். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டார்.

“பயந்துவிட்டார் என்று நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்” என்றார் கடைசியில். “அவருக்கும் அது தெரியும். தெரிந்தும் எனக்காக ஆடினார்.”

புறப்படும்போது மீண்டும் என்னிடம் வந்தார். “இதை எங்காவது எழுதுங்கள். அப்படிச் சொன்னவன் நான்தான் என்று என் பெயரையும் போடுங்கள்” என்றார். பெயரைப் போடவில்லை, அண்ணன் அதை விரும்பியிருக்கமாட்டார். மற்றதை எழுதிவிட்டேன்.

அண்ணனின் நோய்க் காலத்தில் உதவிய ஆஸ்பத்திரி டாக்டருக்கும் தாதியருக்கும் எம் குடும்பத்தின் நன்றி உரியது. இறுதிக் கிரியை அன்று லொறி தந்த தோட்டத் துரைக்கும், அரை நாள் வேலையை விட்டு வந்து பாடை சுமந்த தொழிற்சாலைத் தொழிலாளருக்கும், வீட்டில் மூன்று நாள் உலை வைக்க விடாமல் சமைத்து அனுப்பிய தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்களுக்கும், கந்தப்பளைக் கடைக்காரர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். கூலி வாங்காமல் வாதாடிய புரொக்டர் ஐயாவையும், தொலைவிலிருந்து வந்த கிரிக்கெட் நண்பர்களையும் மறவோம்.

இத்தகைய மலரில், மறைந்தவருக்கு நன்றி சொல்வது வழக்கமில்லை. நுவரெலியாவில் அரசாங்கப் பாடசாலையில் எட்டாவது ஆண்டாகப் படிப்பித்துக்கொண்டிருக்கிறேன். அந்த வேலைக்கு அண்ணன் கொடுத்த விலையைப் பற்றி அவர் இருக்கும்வரை பேசவிடவில்லை, பேச்சை மாற்றிவிடுவார். இங்கே அவரால் மாற்ற முடியாது.

நன்றி, அண்ணே.